நுரையீரல் நிலையத்தில் நீச்சல் டீச்சர்

நீச்சல் டீச்சருக்கு ஐம்பத்தேழு வயது. நகராட்சிக் குளத்தில் இருபத்தொன்பது வருஷமாக வேலை. அந்த ஊரில் தண்ணீருக்குப் பயப்படாதவர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் அவர் கையில் சிக்கி, குளத்துத் தண்ணீரை நாலு மடக்காவது குடித்தவர்கள்தான். ஒரே மூச்சில் இந்தக் கோடியில் முங்கி அந்தக் கோடியில் தலையைத் தூக்குவார். மூச்சை வைத்தே பிழைக்கிறவர் என்பதால், தன் மூச்சு எப்போது சரியாக இருக்கிறது, எப்போது சண்டித்தனம் செய்கிறது என்பது அவருக்கு அத்துப்படி.

ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு மாதவிலக்கு நின்றது. "விட்டது தொல்லை" என்று பெருமூச்சு விட்டார். அதுதான் அவர் கடைசியாக நிம்மதியாக விட்ட பெருமூச்சு. மறு வருஷமே நெஞ்சில் சளி கட்டி நிமோனியா. ஒரு வருஷம் தள்ளி இன்னொன்று. போன மழையில் மூன்றாவது. அதற்கு முன்னால் ஐம்பது வருஷத்தில் அவருக்கு ஒரு தும்மலுக்கு மேல் எதுவும் வந்ததில்லை.

"அது நின்னப்புறம்தான் இது வருது. ரெண்டுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கு," என்றார் நாத்தனாரிடம்.

நாத்தனார் தபால் நிலையக் கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். டீச்சரின் கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் பத்து மாதம் கடலில் இருப்பார். அதனால் வீட்டில் அண்ணியும் நாத்தனாருமாக இரண்டே பேர். அலுவலக மொழி நாத்தனாருக்குத் தாய்மொழி மாதிரி. அந்த மொழியில் எவ்வளவு பொய் சொல்லலாம் என்று தெரிந்ததால் அதன்மேல் அவளுக்கு மரியாதை கிடையாது.

"சம்பந்தம் இருக்கட்டும், இல்லாமப் போகட்டும் அண்ணி. முதல்ல இந்த இருமலுக்கு ஒரு வழி பாருங்க. நீங்க இருமற இருமலுக்கு மாடி வீட்டுக்காரங்க எழுந்து உக்காந்துக்கறாங்க."

வழி பார்க்க வேண்டிய கட்டாயமும் வந்தது. குளத்து மேலாளர், நுரையீரல் உயர் ஆய்வு நிலையத்திலிருந்து உடல்தகுதிச் சான்றிதழ் வாங்கி வராமல் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். டீச்சரைத் தண்ணீரில் இறங்காதே என்று சொல்வதும் தையல்காரரை ஊசியைத் தொடாதே என்று சொல்வதும் ஒன்றுதான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை இருவரும் நிலையத்துக்குக் கிளம்பினார்கள்.

நிலையம் ஒன்பது மாடிக் கட்டடம். நுரையீரல் நோயாளிகளைப் பார்க்கும் மார்புப் பிரிவு ஏழாவது மாடியில் இருந்தது. மின்தூக்கி இரண்டு. ஒன்று அதிகாரிகளுக்கு, மற்றது கோப்புகளுக்கு. நோயாளிகளுக்குப் படி. மூச்சுத் திணறுகிறவர்கள் மூன்றாவது மாடியிலும், இழுப்பு உள்ளவர்கள் நாலாவது மாடியிலும் உட்கார்ந்து யோசித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். ஏழு மாடியும் ஏறி முடிக்கிறவர்கள் மட்டுமே நோயாளிகளாகப் பதிவானதால், நிலையத்தில் குணமடைகிறவர்களின் விகிதம் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. வாசலில் பளிங்குக் கல்லில் அதைப் பொறித்து வைத்திருந்தார்கள்.

டீச்சர் ஆறு இடத்தில் நின்று, ஏழாவது மாடியைத் தொட்டார். மார்புப் பிரிவின் தலைமை மருத்துவர் கணினித் திரையைப் பார்த்தபடி வரவேற்றார். அவர் முகம் கடைசிவரை திரையை விட்டுத் திரும்பவே இல்லை.

"என்ன பண்ணுது?"

டீச்சர் சொன்னார். மூன்று நிமோனியா, விடாத இருமல், நாலு எட்டு நடந்தால் வாங்கும் மூச்சு எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டு, "மாதவிலக்கு நின்னதுக்கு அப்புறம்தான் டாக்டர் இதெல்லாம் ஆரம்பிச்சுது," என்றார்.

மருத்துவரின் விரல்கள் விசைப்பலகையில் நின்றன.

"அம்மா, உதரவிதானம்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவில ஒரு தசைத் தடுப்பு. அதுக்கு மேல நடக்கறதுதான் எங்க பிரிவு. அதுக்குக் கீழ நடக்கறதை நாங்க கேக்கவும் கூடாது, காதில வாங்கவும் கூடாது. பிரிவுகளுக்குள்ள எழுத்துப்பூர்வமா ஒப்பந்தம் இருக்கு."

"உடம்பு ஒண்ணுதானே டாக்டர்?" என்றாள் நாத்தனார்.

"உடம்பு ஒண்ணுதான். ஆனா மாடி ஒன்பது," என்றார் மருத்துவர். "நீங்க கீழ் விஷயத்தைப் பேசிட்டதால இந்தக் கோப்பை நான் மூடியாகணும். ரெண்டாவது மாடி, மகளிர் பிரிவு. அவங்க கீழ்ப்பக்கம் ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் குடுத்தா, மேல்பக்கத்தை நான் பாக்கறேன்."

அவர் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் தொடவில்லை.

ஐந்து மாடி இறங்கினார்கள். மகளிர் பிரிவின் சுவர் முழுக்கக் கொழுகொழுவென்று குழந்தைகளின் படங்கள். பதிவு செய்கிற பெண் பெயரைக் கேட்டாள், வயதைக் கேட்டாள், பிறகு "பிரசவத் தேதி?" என்றாள்.

"பிரசவமா? எனக்கு ஐம்பத்தேழு வயசு."

"அது சரிங்க. எதிர்பார்க்கிற தேதின்னு ஒரு கட்டம் இருக்கு. அதை நிரப்பலைன்னா அடுத்த பக்கம் திறக்காது."

"நான் எதையும் எதிர்பார்க்கலையேம்மா."

"எதிர்பார்க்காதவங்களுக்கு இந்தப் பிரிவில அனுமதி இல்லைங்க."

நாத்தனார் முன்னால் வந்தாள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் முப்பது வருஷம் உட்கார்ந்தவளுக்குக் கட்டம் என்றால் என்னவென்று தெரியும். "அடுத்த மாசம் பதினெட்டுன்னு போடும்மா," என்றாள்.

பக்கம் திறந்தது. இப்படியாக டீச்சர் தம் ஐம்பத்தேழாவது வயதில் எட்டு மாதக் கர்ப்பிணியானார். கையில் சத்து மாத்திரைகளும், 'தாய்ப்பாலே சிறந்தது' என்ற கையேடும் கொடுக்கப்பட்டன. உள்ளே இருந்த மகளிர் மருத்துவர் திரையைப் பார்த்து, "வாழ்த்துகள், குழந்தை நல்லா அசையுதா?" என்று கேட்டார். பதிலுக்கு டீச்சருக்கு இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. மருத்துவர் அண்ணாந்து பார்த்தார். நரைத்த தலையைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். இரண்டில் எதை நம்புவது என்று அவர் யோசித்தது தெரிந்தது.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் அனுதாபம் படர்ந்தது.

"பாருங்கம்மா, கருப்பை வேலை செய்யற வரைக்கும்தான் எங்க கணக்கில நீங்க பெண். அது ஓய்வெடுத்துட்டா எங்களுக்கும் உங்களுக்கும் உறவு முடிஞ்சுது. அதுக்கப்புறம் நீங்க பொது மனிதர்."

"பொது மனிதரை எங்க பார்ப்பாங்க?"

"முதியோர் பிரிவில பார்ப்பாங்க. அஞ்சாவது மாடி."

மூன்று மாடி ஏறினார்கள். முதியோர் பிரிவின் எழுத்தர் அறுபத்தைந்து வயது நிரம்பாதவர்களைக் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார். "எட்டு வருஷம் கழிச்சு வாங்க. வரும்போது இந்தச் சீட்டையும் கொண்டு வாங்க," என்றார்.

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, அம்பதுக்கு மேல அங்க சேர்க்கறதில்ல. அறுபத்தஞ்சுக்குக் கீழ இங்க சேர்க்கறதில்ல. நடுவில இருக்கற பதினஞ்சு வருஷம் நாங்க எங்கதான் இருக்கறது?"

எழுத்தர் எரிச்சல்படவில்லை. நல்ல கேள்விக்குப் பதில் சொல்லும் பெருமிதத்தோடு கையை நீட்டிக் காட்டினார். "வெளிய வராந்தாவில பெஞ்சு போட்டிருக்கோம்."

உண்மையாகவே போட்டிருந்தார்கள். நீளமான பெஞ்சு. அதில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் ஒன்பது பேர் ஆளுக்கொரு விதமாக இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், ஒருத்தி அச்சகத்தில் காகிதம் மடிக்கிறவள். வேன்காரி நகர்ந்து டீச்சருக்கு இடம் கொடுத்தாள். "உக்காருங்கக்கா. நான் மார்ச்சிலேர்ந்து வரேன். உங்களுக்கு எத்தனை மாசம் போட்டாங்க? எனக்கு ஆறு."

எதிர்ச்சுவரில் பெரிய அறிவிப்புப் பலகை. 'வயதான பெண்களில் இயக்குநர் மாற்றங்களும் நுரையீரல் நோய் எதிர்ப்பும் – சிறப்பு ஆராய்ச்சித் திட்டம் – ஒன்பதாவது மாடி' என்று தங்க எழுத்தில் எழுதியிருந்தது.

டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். "பாத்தியா! நான் சொன்னேன்ல, சம்பந்தம் இருக்குன்னு? இங்கயே ஆராய்ச்சி நடக்குது!"

"அது இயக்குநீரா இருக்கணும் அண்ணி," என்றாள் நாத்தனார். "ஹார்மோனுக்கு அதுதான் தமிழ். இவங்க சுழியை விட்டுட்டு இயக்குநர்னு எழுதியிருக்காங்க."

மேலே போனபோது அது வெறும் கைப்பிழையாக நின்றுவிடவில்லை என்பது தெரிந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் பலகை எழுதியவர் சுழியை விட்டது உண்மைதான். ஆனால் நிலையத்தின் இயக்குநர் வந்து பார்த்துவிட்டு, அடியில் சின்ன எழுத்தில் இருந்த 'வயதான பெண்களில் இயக்குநர் குறைவதால் நுரையீரல் பலவீனமடைகிறது' என்ற வாசகத்தை இரண்டு தடவை படித்தாராம். தம் பதவியின் முக்கியத்துவத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை என்று நெகிழ்ந்து போனாராம். அதற்குப் பிறகு திருத்த யாருக்குத் துணிச்சல் வரும்? நிலையத்தின் அறிக்கைகள் எல்லாவற்றிலும் அப்படியே நிலைத்துவிட்டது.

இயக்குநர் நல்ல உயரம். குரல் இன்னும் உயரம். மேஜையின் மேல் நுரையீரலின் கண்ணாடிப் பொம்மை ஒன்று, பேனா செருகும் ஓட்டைகளோடு இருந்தது. டீச்சர் தம் கதையைச் சொல்லி, "உங்க ஆராய்ச்சிக்கு என்னை எடுத்துக்குங்க. ரத்தம் வேணும்னா எடுங்க, என்ன வேணும்னாலும் கேளுங்க. எனக்குக் காரணம் தெரிஞ்சா போதும்," என்றார்.

இயக்குநர் கண்ணை மூடித் திறந்தார். மேடையில் பேசுகிறவர்களுக்கு அறைக்குள் பேச வராது. எழுந்து நின்றுகொண்டார்.

"அம்மா, வயதான பெண்களுக்காக இந்த நிலையம் ஏழு வருஷமா ராப்பகலா உழைக்குது. இருநூறு ஆய்வுக் கட்டுரை வந்திருக்கு. இந்த ஏழு வருஷத்தில, பெருமையாச் சொல்றேன், ஒரு வயதான பெண்ணையும் நாங்க தொந்தரவு பண்ணினதில்லை!"

"அப்ப யாரை வச்சு ஆராய்ச்சி பண்றீங்க?" என்றாள் நாத்தனார்.

"நானூத்திப் பன்னிரண்டு ஆண்கள். எல்லாரும் இருபத்தஞ்சு வயசுக்கு உட்பட்ட கல்லூரி மாணவர்கள். அப்புறம் எலிகள்."

"எலியாவது பொம்பளை எலியா?"

இயக்குநர் புண்பட்டுப் போனார். "எல்லாம் ஆண் எலிதான். நாங்க தரத்தில சமரசம் பண்றதில்லை. பெண்களைச் சேர்த்தா என்ன ஆகும் தெரியுமா? அவங்களுக்கு இயக்குநீர் மாறிக்கிட்டே இருக்கும். இந்த வயசில ஒரு அளவு, அந்த வயசில ஒரு அளவு. முடிவுகள் எல்லாம் கலங்கிப் போகும். மாறிக்கிட்டே இருக்கற ஒண்ணை வச்சுக்கிட்டு மாற்றத்தை எப்படிம்மா ஆராயறது?"

டீச்சர் அந்த வாக்கியத்தை இரண்டு தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். முதல் தடவை தமக்குத்தான் புரியவில்லை என்று நினைத்தார். இரண்டாவது தடவை, புரிந்துவிட்டதே என்று வருத்தப்பட்டார்.

"அந்த மாணவர்கள் பெண்ணாப் பிறந்து, வயசாகி, மாதவிலக்கும் நின்னிருந்தா அவங்க நுரையீரல் எப்படி இருந்திருக்கும்னு நாங்க கணிக்கிறோம். இதுக்கு உலகத்திலேயே எங்ககிட்டதான் முறை இருக்கு," என்று முடித்தார் இயக்குநர். பிறகு டீச்சரை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தார். "ஆனா நீங்க வந்தது ஒரு விதத்தில நல்லதாப் போச்சு. அடுத்த வாரம் மாநாடு. மேடையில ஒரு நோயாளிப் பிரதிநிதி இருந்தா நல்லா இருக்கும்னு மேலிடத்தில சொல்லியிருக்காங்க. உங்களுக்கு முகவெட்டு நல்லா இருக்கு. வந்து உக்காருங்க. மாநாடு முடிஞ்சதும் உங்க தகுதிச் சான்றிதழ் உங்க கைக்கு வரும்."

"அதுக்கு முன்னாடி யாராவது என் நெஞ்சில ஸ்டெதாஸ்கோப் வச்சுப் பார்ப்பாங்களா?"

"எல்லாம் மாநாட்டுக்கு அப்புறம்," என்றார் இயக்குநர்.

இரண்டு நாள் கழித்து ஒத்திகைக்குக் கூப்பிட்டார்கள். அன்றைக்கே டீச்சருக்கு உடம்பு கணகணவென்று இருந்தது. மாநாட்டு அதிகாரி என்று ஒருவர், சட்டைப்பையில் நாலு நிறப் பேனாக்களோடு, அவரை நாற்காலியில் உட்கார வைத்து எட்டி நின்று பார்த்தார்.

"எங்க, ஒரு தடவை இருமுங்க."

அவர் கேட்பதற்கு முன்னாலேயே டீச்சர் இருமிக்கொண்டிருந்தார்.

"அய்யோ, இவ்வளவு வேண்டாம். ரொம்ப ஈரமா இருக்கு. விருந்தினர்கள் முன்வரிசையில உக்காந்திருப்பாங்க. கொஞ்சம் வறட்சியா, மரியாதையா, ரெண்டே ரெண்டு இருமல். இயக்குநர் 'இந்தத் தாய்மார்களின் துயரம்'னு சொல்லும்போது முதல் இருமல். 'நம்பிக்கை ஒளி'ன்னு சொல்லும்போது ரெண்டாவது. ரெண்டாவது இருமல் முதலாவதைவிடச் சின்னதா இருக்கணும். முன்னேற்றம் தெரியணும் பாருங்க."

"தானா வர்றதை எப்படிங்க அளந்து வரவழைக்கிறது?"

"பயிற்சிதாம்மா. நீங்களும் டீச்சர்தானே?"

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் கொதித்தாள். "அண்ணி, சான்றிதழும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். உங்க கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு. வேற டாக்டரைப் பார்ப்போம்."

"இன்னும் நாலு நாள்தானே. முந்நூறு நுரையீரல் டாக்டருங்க வர்றாங்களாம். அதில ஒருத்தராவது என்னைப் பார்த்துட்டு, இந்தம்மாவுக்கு என்னன்னு கேக்காமலா போயிடுவார்?"

ஒன்பது மாடி ஏறியும் டீச்சருக்கு மனிதர்கள் மேல் இருந்த நம்பிக்கை இறங்கவில்லை. அதுதான் அவருடைய உண்மையான வியாதி என்று நாத்தனார் பிற்பாடு சொன்னாள்.

மாநாட்டன்று காலை காய்ச்சல் நூற்று மூன்று. வலது பக்க விலாவில் மூச்சு இழுக்கும்போதெல்லாம் கத்தியால் குத்துவது போல வலி. நிலையத்து மேல்மாடி அரங்கின் மேடையில் ஒன்பது நாற்காலி. எட்டில் அதிகாரிகள். ஒன்பதாவதில் கழுத்தில் 'வயதான பெண்' என்று எழுதிய அட்டையோடு டீச்சர். குளிர்சாதனக் காற்று நேராக அவர் முதுகில் அடித்தது. இருக்கையை நகர்த்தக் கேட்டதற்கு, புகைப்படத்தின் ஒழுங்கு கெட்டுவிடும் என்று சொன்னார்கள்.

முதலில் மார்புப் பிரிவுத் தலைவர் பேசினார். "நோயாளியை முழு மனிதராகப் பார்ப்பதே எங்கள் கொள்கை. உதரவிதானம் வரைக்கும் நாங்கள் பார்க்கிறோம். மிச்சத்தைப் பார்க்க ஆள் இருக்கிறார்கள் என்று நம்புகிறோம்" என்றார். கைதட்டல். அடுத்து மகளிர் பிரிவின் மருத்துவர். "பெண் என்பவள் வாழ்நாள் முழுவதும் பெண். அந்த வாழ்நாள் சராசரியாக ஐம்பது வயது வரை நீடிக்கிறது" என்றார். பலத்த கைதட்டல். முதியோர் பிரிவின் சார்பில் பேசியவர், பெஞ்சின் நீளத்தை வரும் ஆண்டில் இரண்டு மடங்காக்கப் போவதாக அறிவித்தார்.

கடைசியில் இயக்குநர் எழுந்தார். நாற்பது நிமிஷம் பேசினார். "இந்தத் தாய்மார்களின் துயரம்" என்று குரலைத் தாழ்த்தி, டீச்சர் பக்கம் திரும்பிக் காத்திருந்தார்.

டீச்சர் இருமினார். ஆனால் அது இரண்டோடு நிற்கவில்லை. அடியிலிருந்து கிளம்பி, நெஞ்சைப் பிளந்துகொண்டு, ஒன்றின் வாலைப் பிடித்து இன்னொன்றாக வந்தது. கைக்குட்டையில் துருப்பிடித்த நிறத்தில் சளி. உதடு நீலம் பாரித்தது. தண்ணீருக்குள் மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளைகளை அவர் நூறு தடவை பார்த்திருக்கிறார். அந்த முகம் இப்போது தமக்கு வந்துவிட்டது என்று அவருக்கே தெரிந்தது. நாற்காலியின் கையைப் பற்றினார். பிடி நழுவி, மேடையில் சரிந்தார்.

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. இவ்வளவு தத்ரூபமான செயல்விளக்கத்தை எந்த மாநாட்டிலும் கண்டதில்லை என்று முன்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

நாத்தனார் பார்வையாளர் பக்கத்திலிருந்து மேடைக்கு ஓடினாள். "அய்யா, நடிப்பு இல்லை! மூச்சு நிக்கப் போகுது! இங்க டாக்டர் யாராவது இருக்கீங்களா?"

முந்நூறு டாக்டர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் புள்ளிவிவரம்," என்றார் ஒருவர்.

"நான் பதினஞ்சு வருஷமா நிர்வாகத்தில இருக்கேன். தொட்டா தப்பாயிடும்," என்றார் இன்னொருவர்.

"நான் நுரையீரல் நிபுணர்தான். ஆனா இன்னிக்கு விடுப்பு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன்."

மார்புப் பிரிவுத் தலைவர் மட்டும் இரண்டடி முன்னால் வந்தார். குனிந்து, "அந்தக் கீழ்ப்பக்கச் சீட்டு வாங்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

இயக்குநர் ஒலிபெருக்கியை விடவில்லை. "கேள்விகளுக்கு இறுதியில் நேரம் ஒதுக்கியிருக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, 'நம்பிக்கை ஒளி' பகுதிக்குப் போனார்.

அரங்கத்தின் பின்பக்கம் தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள்தான் ஓடிவந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் தாங்கி, அதிகாரிகளின் மின்தூக்கியில் ஏற்றினார்கள். காவலாளி தடுத்தார். நாத்தனார் அவரிடம் என்ன சொன்னாள் என்று இங்கே எழுத முடியாது. காவலாளி வழிவிட்டு, வாடகைக் காரையும் கூப்பிட்டுக் கொடுத்தார் என்பதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

கார் ஓட்டுநருக்குத் தெரிந்த மருத்துவமனை நாலு தெரு தள்ளி இருந்தது. சாவி செய்கிற கடைக்கும் செருப்புத் தைக்கிற கடைக்கும் நடுவே மூன்று அறை, பத்துக் கட்டில். இருந்த ஒரே டாக்டரம்மாவுக்கும் டீச்சர் வயதுதான் இருக்கும். கேள்வி எதுவும் கேட்பதற்கு முன்னால் ஆக்சிஜன் முகமூடியை மாட்டினார். விரல் நுனியில் கருவியைப் பொருத்தினார். டீச்சரை உட்கார வைத்து, ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, முதுகில் வைத்தார். மேலே, கீழே, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று நிதானமாகக் கேட்டார். நிலையத்தில் இத்தனை நாளில் ஒருவரும் செய்யாத காரியம் அது. டீச்சருக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"வலது பக்கம் கீழ நல்லா அடைச்சிருக்கு," என்றார் டாக்டரம்மா, ஊசி மருந்தை ஏற்றிக்கொண்டே. "இதுக்கு முன்னாடி எத்தனை தடவை?"

"மூணு," என்றாள் நாத்தனார்.

"மாதவிலக்கு நின்னு எத்தனை வருஷம் ஆச்சு?"

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தபால் நிலையத்தில் முப்பது வருஷத்தில் எவன் எவனோ கத்தியும் அழாதவள்.

முதல் இரண்டு நாள் இழுபறிதான். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. பதினோரு நாள் கழித்து டீச்சர் வராந்தாவில் நடக்க ஆரம்பித்தபோது டாக்டரம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்குத் தோணினதில நியாயம் இருக்கு. ஈஸ்ட்ரோஜன்னு ஒரு இயக்குநீர். அது பிள்ளை பெறறதுக்கு மட்டும் இல்லை. நெஞ்சில கிருமி நுழையும்போது எதிர்த்து நிக்கற காவலுக்கும் அதோட தயவு உண்டு. மாதவிலக்கு நின்னப்புறம் அது குறையுது, காவலோட போக்கும் மாறுது. எவ்வளவு, யாருக்கு, எப்படின்னு கேட்டா எனக்கு முழுசாத் தெரியாது. யாருக்கும் இன்னும் முழுசாத் தெரியலை. வயசும் சேர்ந்துக்குது. அதனால இயக்குநீர் மாத்திரையைக் குடுத்து சரிபண்ணிடறேன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். நிமோனியாவுக்குத் தடுப்பூசி இருக்கு, போடறேன். சளி பிடிச்சா ரெண்டாவது நாளே இங்க வந்துடணும். இதெல்லாம் உங்களுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே யாராவது சொல்லியிருக்கணும்."

தெரியாது என்று ஒரு டாக்டர் வாயால் கேட்டது டீச்சருக்குத் தெம்பாக இருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர், தெரிந்ததைத் தெரியும் என்று சொன்னால் நம்பலாம் அல்லவா?

வாரம் இரண்டு கழிந்தது. நிலையத்திலிருந்து கனமான உறை ஒன்று வந்தது. உள்ளே மாநாட்டு மலர். அட்டையில் டீச்சர் சரிந்து விழும் படம். கீழே, 'எங்கள் மாநாட்டில் கலந்துகொண்ட பின் பூரண நலமடைந்த வயதான பெண்' என்று போட்டிருந்தது. கூடவே ஒரு கடிதம். வெளியே அனுமதியில்லாமல் குணமானது ஆய்வு ஒழுங்குக்கு மாறானது என்றும், இனிமேல் அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ளும்படியும் கேட்டிருந்தார்கள். மூன்றாவதாக, சான்றிதழ். ஆராய்ச்சித் திட்டத்தில் ஆண்களைத் தவிர வேறு யாரையும் பதிவு செய்ய வழியில்லாததால் அதில் இப்படி எழுதியிருந்தது: 'திருவாளர் நீச்சல் ஆசிரியர், இருபத்தொரு வயது, நல்ல உடல்தகுதியுடன் இருக்கிறார்.'

குளத்து மேலாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரை வட்டமாகவும் நீலமாகவும் இருந்தது. "சரியா இருக்கு," என்று கோப்பில் போட்டுக்கொண்டார்.

டீச்சர் தண்ணீரில் இறங்கினார். முதல் வாரம் கால் குளம், இரண்டாவது வாரம் அரைக் குளம். அவசரப்படவில்லை. இதற்கிடையில் நாத்தனார் ஒரு காரியம் செய்தாள். தினமும் காலை நிலையத்தின் ஐந்தாவது மாடிக்குப் போய், அந்த வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் இரண்டு பேராவது டாக்டரம்மாவிடம் போகும்படி செய்தாள். பெஞ்சு காலியாகிக்கொண்டே வந்ததை நிலையத்தார் கவனித்தார்கள். வயதான பெண்களிடையே நுரையீரல் நோய் ஒழிந்துவருவதாக அறிக்கை விட்டார்கள்.

ஒரு வியாழக்கிழமை பத்து மணி வகுப்பு முடிந்து பிள்ளைகள் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். குளத்து வாசலில் ஓர் அம்மாள் தயங்கி நின்றார். ஐம்பத்தைந்து இருக்கும். நல்ல உடை, நல்ல கைப்பை. டீச்சரைப் பார்த்ததும் பேச வாயெடுத்தார். பேச்சுக்கு முன்னால் இருமல் வந்தது. டீச்சருக்கு அந்த இருமல் தெரியும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார்.

"நீங்கதானே அந்த மலர் அட்டையில இருக்கறவங்க? நிலையத்தில தேநீர் குடுக்கற பொண்ணுதான் நீங்க இங்க இருக்கறதாச் சொன்னா. உங்களைப் பார்த்த டாக்டரோட விலாசம் வேணும்," என்றார் அந்த அம்மாள். "யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். நான் இயக்குநரோட வீட்டுக்காரி."

டீச்சர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தார். கேலி செய்யத் தோன்றவில்லை.

"எவ்வளவு நாளா இருக்கு?"

"அஞ்சு மாசமா. மூச்சும் வாங்குது."

"வீட்டிலயே அவர் இருக்காரே. இந்த விஷயத்தில பெரிய ஆள்னு சொல்றாங்க. கேக்கலையா அவரு?"

அந்த அம்மாள் சிரித்தார். சிரிப்பும் பாதியில் இருமலாகி, அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"கேக்காம என்ன? தினமும் கேக்குது அவருக்கு. வயதான பெண்களோட இருமலைப் பத்தி ஒரு பெரிய புத்தகம் எழுதிக்கிட்டிருக்காரு. என் சத்தம் தொந்தரவா இருக்குன்னு அறைக் கதவைச் சாத்திக்குவாரு."